படுக்கைகள் பெருகின, பார்க்கும் கண்கள் பெருகினவா?

கரோனா இரண்டாம் அலை 2021ஆம் ஆண்டின் கோடையில் நாட்டை உலுக்கியபோது, அடுத்த அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்ற அச்சம் பரவலாக எழுந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் மத்திய அமைச்சரவை ரூ.23,123 கோடி மதிப்பிலான அவசரகால சுகாதாரத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நாட்டின் 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குழந்தைகள் நலத்துக்கான உயர் சிறப்பு மையம், கூடுதலாக 20,000 தீவிர சிகிச்சைப் படுக்கைகள், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு என அத்திட்டம் விரிந்தது. அஞ்சப்பட்ட அலை அந்த வடிவில் வரவில்லை. ஆயினும், குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் அரசின் கொள்கையில் இடம்பிடித்தது. அது வரவேற்கத்தக்க மாற்றம்.

படுக்கையை எண்ணலாம், வென்டிலேட்டரை எண்ணலாம், ஆக்ஸிஜன் குழாயின் நீளத்தைக்கூட அளக்கலாம். இந்தக் குழந்தையின் நிலை மோசமாகிக்கொண்டிருக்கிறது என்பதை உரிய நேரத்தில் கண்டறியும் திறனை அவ்வாறு எண்ண முடிவதில்லை. அதனால் அது திட்ட ஆவணங்களிலும் செலவுக் கணக்குகளிலும் முறையாக இடம்பெறுவதில்லை. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு ஒரு குழந்தைக்கு எப்போது திறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் திறன்தான். ஆறு மணி நேரம் தாமதமாக உள்ளே வரும் குழந்தைக்கு, மிகச் சிறந்த கருவியாலும் இழந்த நேரத்தை மீட்டுத்தர இயலாது.

உடலின் தாக்குப்பிடிப்பு: குழந்தை என்பது சிறிய அளவிலான பெரியவர் அல்ல என்பது குழந்தைகள் நல மருத்துவத்தின் அரிச்சுவடி. 5 கிலோ எடையுள்ள கைக்குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தம் ஏறக்குறைய 400 மி.லி.; அதாவது இரண்டு டம்ளர் அளவு. ஒரு கிலோ எடைக்குக் கணக்கிட்டால், குழந்தையின் உடல் செலவிடும் ஆக்ஸிஜன் பெரியவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கையிருப்பு குறைவு, செலவு அதிகம். ஆகவே, வயிற்றுப்போக்கோ நுரையீரல் தொற்றோ குழந்தையை வீழ்த்த எடுத்துக்கொள்ளும் நேரமும் குறைவு.

இதைவிடச் சிக்கலான செய்தி ஒன்று உண்டு. உடலில் நீர் வற்றும்போதும், கிருமித் தொற்று ரத்தத்தில் பரவும்போதும் குழந்தையின் இதயம் வேகமாகத் துடிக்கிறது. கை கால்களின் ரத்த நாளங்கள் சுருங்கி, முக்கிய உறுப்புகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. இந்த ஏற்பாட்டால் ரத்த அழுத்தம் வெகுநேரம் இயல்பாகவே இருக்கும். பெரியவர்களைப் பார்த்துப் பழகிய கண், ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் அடையும். குழந்தைகளிடம் ரத்த அழுத்தம் சரிவது நோயின் தொடக்கமன்று. தாக்குப்பிடிக்கும் ஆற்றல் தீர்ந்துவிட்டதன் அறிவிப்பு. அதற்கு முன்பே குளிர்ந்த பாதங்கள், வேகமான நாடி, குறைந்துபோன சிறுநீர், நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேலாகும் தாமதம், தாயின் முகத்தைப் பார்த்தும் ஈடுபாடு காட்டாத கண்கள் ஆகியவை சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

குழந்தைகளின் இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை, பெரியவர்களுக்கு வரும் மாரடைப்பைப் போலத் திடீரென்று நிகழ்பவை அல்ல. மூச்சுத் திணறலோ ரத்தவோட்டக் குறைவோ படிப்படியாக முற்றி, அதன் கடைசிப் படியாகவே இதயம் நிற்கிறது. ‘திடீரென்று மோசமாகிவிட்டது’ என்று நாம் கேள்விப்படும் பல நேர்வுகளில், அந்தத் ‘திடீர்’ என்பது யாரும் பார்க்காமல் கடந்த சில மணி நேரத்துக்கு வைக்கப்பட்ட பெயர்.

இதனால்தான், குழந்தை மருத்துவத்தில் முதல் மதிப்பீடு கருவியின்றித் தொடங்குகிறது. குழந்தையின் தோற்றமும் விழிப்பும், மூச்சுவிட அது படும் பாடு, தோலின் நிறம் ஆகிய மூன்றையும் அரை நிமிடத்துக்குள் பார்த்து, உயிராபத்து உண்டா இல்லையா என்று முடிவுசெய்யும் முறை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அவசர வகைப்படுத்தல் முறையும், வசதி குறைந்த மருத்துவமனைகளில் மருத்துவர் வரும் முன்பே செவிலியர் செய்யத்தக்க சோதனைகளையே முன்வைக்கிறது. மூச்சை எண்ணுவது இவற்றுள் மிக எளியது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினால் அது வேகமான மூச்சு. இதற்குத் தேவை ஒரு கடிகாரமும் முழுதாக ஒரு நிமிடமும். கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிகள் பிரிவில் கடிகாரம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

முன்னேற்றம் போலத் தோன்றுவது: குழந்தையை ஒருமுறை பார்த்தால் போதாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். நிமிடத்துக்கு 70 முறை மூச்சு வாங்கிய குழந்தையின் எண்ணிக்கை இரண்டு மணி நேரத்தில் 30 ஆகக் குறைகிறது. தாளில் பார்த்தால் அது முன்னேற்றம். அந்தக் குழந்தை விழித்து, பால் குடித்து, அழுகிறது என்றால் உண்மையிலேயே முன்னேற்றம். துவண்டு, அழவும் தெம்பின்றிக் கிடக்கிறது என்றால், மூச்சுவிடும் தசைகள் களைத்துவிட்டன என்று பொருள். செயற்கை சுவாசம் தேவைப்படும் நேரம் நெருங்கிவிட்டது. எண் ஒன்றுதான், பொருள் இரண்டு. எது சரி என்பதை, இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் அந்தக் குழந்தையைப் பார்த்தவரால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது, மழைக்காலம்தோறும் தமிழ்நாட்டுப் பெற்றோரை அலைக்கழிக்கும் டெங்கு. காய்ச்சல் கொதிக்கும் நாள்களில் பதறும் குடும்பம், காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடைகிறது. டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில், ரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் நெருக்கடியானது. அந்நேரத்தில் தொடர்ச்சியான வாந்தி, கடும் வயிற்றுவலி, சோர்வு அல்லது அமைதியின்மை, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள் என 2009ஆம் ஆண்டே உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையிலான வேறுபாடு 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கிவிட்டால், குழந்தை அதிர்ச்சி நிலையில் இருக்கிறது. அதாவது, 100/80 என்ற அளவில் மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் இயல்பு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அது அபாயமணி. நாமோ வீட்டிலும் ஊடகங்களிலும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மதிப்பெண் அட்டை போதுமா? கவனிப்பு தனிமனிதரின் கூர்மையை நம்பியிருக்கக் கூடாது என்பதால், நாடி, மூச்சு, ஆக்ஸிஜன் போன்றவற்றுக்கு மதிப்பெண் அளித்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எச்சரிக்கும் அட்டைகள் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றை ஏழு நாடுகளின் 21 மருத்துவமனைகளில் சோதித்த பெரும் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. அட்டையைப் பயன்படுத்திய மருத்துவமனைகளில் குழந்தை இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அட்டை வீண் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இறப்பு மிகக் குறைவாக உள்ள, பயிற்சி பெற்ற ஊழியர்கள் நிறைந்த இடங்களில் ஒரு தாள் கூடுதலாகச் செய்யக்கூடியது கொஞ்சமே. மேலும், மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டவர் யாரை அழைப்பது, அழைக்கப்பட்டவர் எத்தனை நிமிடத்தில் வந்தாக வேண்டும், வராவிட்டால் என்ன என்பவற்றுக்கு விடை இல்லாத இடத்தில், அட்டை இன்னொரு பதிவேடாகவே முடியும்.

உலகளாவிய வரையறைகளுக்கும் எல்லை உண்டு. குழந்தைகளுக்கு ஏற்படும் ‘செப்சிஸ்’, அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் பழுதடையும் நிலை, 2024ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ஃபீனிக்ஸ்’ அளவுகோல் மூலம் புதிதாக வரையறுக்கப்பட்டது. பணக்கார நாடுகளின் தரவுகளோடு வங்கதேசம், கென்யா, கொலம்பியா ஆகியவற்றின் தரவுகளும் சேர்க்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால், ஏற்கெனவே உறுப்புகள் பழுதடைந்த குழந்தையை அடையாளப்படுத்துவதற்கே அது உதவும். அந்நிலைக்கு வழுக்கிக்கொண்டிருக்கும் குழந்தையை முன்கூட்டியே கண்டறிவதற்கானதல்ல என்பதை அதை உருவாக்கியவர்களே தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். முன்கூட்டிக் காணும் வேலை மறுபடியும் வார்டில் இருப்பவரிடமே வந்து நிற்கிறது.

நெறிமுறை இடம்பெயரும்போது: மருத்துவ அறிவு ஓரிடத்தில் விளைந்து வேறிடத்துக்குப் போகும்போது என்ன நேரும் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வைப் போல வலுவான பாடம் வேறில்லை. காய்ச்சலோடு ரத்தவோட்டம் குன்றிய நிலையில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியே வேகமாக நீர்மம் ஏற்ற வேண்டும் என்பது மேலை நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐயத்துக்கு அப்பாற்பட்ட விதியாக இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது, 2011இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. வேகமாக நீர்மம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 10.5%, அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் 7.3%. தீங்கு தெளிவானதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மலேரியா. பலருக்குக் கடும் ரத்தசோகை. நீர்மம் மிகுந்து நுரையீரல் திணறினால் தாங்கிப்பிடிக்கச் செயற்கை சுவாசக் கருவி அந்த மருத்துவமனைகளில் இல்லை. விதி உருவான இடத்தில் இருந்த பாதுகாப்பு வலை, விதி சென்றடைந்த இடத்தில் இல்லை. நம் மாவட்ட மருத்துவமனைகள் லண்டனும் அல்ல, கிழக்கு ஆப்பிரிக்காவின் சிற்றூரும் அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்டவை. டெங்குக் குழந்தைக்கு நீர்மம் மருந்து. கசிவு நின்ற பிறகும் தொடர்ந்தால் அதுவே நுரையீரலில் சேரும் ஆபத்து. எப்போது தொடங்குவது என்பதைப் போலவே, எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்வது, ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் நாடியையும் மூச்சையும் கல்லீரலின் அளவையும் தொட்டறியும் கைகளே. சுவரில் ஒட்டப்பட்ட நெறிமுறை அதைச் செய்யாது.

பெற்றோரின் சொல்: வசதியும் வல்லுநர்களும் நிறைந்த இடத்திலும் கவனிப்பு தவறும் என்பதை உலகுக்கு உணர்த்தியது, மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமியின் மரணம். 2021ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் காயமடைந்த மார்த்தா, அத்தகைய காயங்களுக்குப் பெயர்பெற்ற லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அங்கே அவளுக்குச் செப்சிஸ் ஏற்பட்டது. நீண்ட வார இறுதி விடுமுறை நெருங்கும் வேளையில் மகளின் நிலை கைமீறிவிடுமோ என்று தாய் முன்கூட்டியே அஞ்சினார், சொன்னார். ஆறுதல் வார்த்தைகளே கிடைத்தன. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே மருத்துவமனையில் இருந்தும், அவள் உரிய நேரத்தில் அங்கு மாற்றப்படவில்லை. முன்னதாக மாற்றியிருந்தால் அவள் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார்.

பெற்றோரின் தொடர் முயற்சியால் பிறந்தது ‘மார்த்தா விதி’. நோயாளியின் நிலை மேம்படுகிறதா, மோசமாகிறதா என்று நோயாளியிடமோ குடும்பத்தினரிடமோ நாள்தோறும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். எந்த ஊழியரும் வேறொரு மருத்துவக் குழுவின் மறுபார்வையைக் கோரலாம். அதே உரிமை குடும்பத்துக்கும் உண்டு என்பவை அதன் மூன்று கூறுகள். 2024இல் இங்கிலாந்தின் 143 மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டது. 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூன் வரை 4,906 அழைப்புகள் வந்தன. அவற்றில் 241 அழைப்புகள் உயிர்காக்கக்கூடிய சிகிச்சைக்கு வழிவகுத்திருக்கலாம் என அங்குள்ள தேசிய சுகாதாரச் சேவை தெரிவித்தது. மூன்று வயது நிரம்பாத ரயான் சாண்டர்ஸ் 2007இல் இறந்ததை அடுத்து, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதே போன்ற ஒரு விதியை முன்பே கொண்டுவந்திருந்தது.

இது உணர்ச்சியின் பாற்பட்ட சலுகை அன்று. மெல்போர்னில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை நோயாளி வருகைகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு, குழந்தையின் நிலை மோசமாகிறது என்ற பெற்றோரின் கவலை, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகிய எந்த ஓர் அளவின் பிறழ்வையும்விடத் தீவிர சிகிச்சைத் தேவையோடு வலுவாகத் தொடர்புகொண்டிருந்ததைக் காட்டியது. இதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மருத்துவர் குழந்தையை ஊரிலுள்ள மற்ற குழந்தைகளோடு ஒப்பிடுகிறார். தாய் நேற்றைய அதே குழந்தையோடு ஒப்பிடுகிறார்.

நம் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் இரவு முழுவதும் கண்விழித்து அருகில் இருப்பவர் தாய்தான். உடம்பு துடைப்பதும், பால் புகட்டுவதும், எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று நினைவில் வைத்திருப்பதும் அவரே. பணிமுறை மாறும்போது செவிலியர் மாறுவார், மருத்துவர் மாறுவார். மாறாத ஒரே பார்வையாளர் அவர். ‘பிள்ளை முகமே சரியில்லை’ என்று அவர் சொல்வதைப் பதிவுசெய்ய நோயாளிக் குறிப்பேட்டில் ஒரு கட்டம்கூட வழக்கமாக இருப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய்விட்டாலோ, அவரது இடம் பெரும்பாலும் கதவுக்கு வெளியே.

மருத்துவர்களின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே பயிற்சி மருத்துவர் இரவில் பல பத்துக் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், எல்லாப் பெற்றோரும் அழைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. மருத்துவர்கள் மீதான தாக்குதல்கள் பெருகியுள்ள சூழலில் நம்பிக்கை இருபுறமும் மெலிந்திருக்கிறது. ஆனால், கவலையை முறைப்படி சொல்ல வழி இல்லாத இடத்தில்தான் அது கூச்சலாகவும் வன்முறையாகவும் வெடிக்கிறது. இங்கிலாந்தின் அனுபவம், வழி திறந்துவிட்டால் அழைப்புகள் வெள்ளமாகப் பாய்ந்துவிடுவதில்லை என்றே காட்டுகிறது.

செய்ய வேண்டியவை: முதலாவது, செவிலியர். செயற்கை சுவாசத்தில் உள்ள குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட அளவு. எண்ணிக்கையோடு நிலைத்தன்மையும் வேண்டும். குழந்தைகள் தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்ற செவிலியரைச் சில மாதங்களில் வேறு வார்டுக்கு மாற்றுவது, அங்கே திரண்ட அறிவைக் கலைத்துவிடுவதாகும். குறைந்தது சில ஆண்டுகளேனும் அவர் அதே பிரிவில் தொடரவும், அதற்கேற்ற ஊக்கமும் பதவி உயர்வும் பெறவும் விதிகள் மாற வேண்டும்.

இரண்டாவது, அழைக்கும் அதிகாரம். குறிப்பிட்ட அறிகுறிகளைக் கண்டால், படிநிலைகளைத் தாண்டி மூத்த மருத்துவரை நேரடியாக அழைக்கச் செவிலியருக்கு எழுத்துபூர்வமான உரிமை தர வேண்டும். அழைப்புக்கும் வருகைக்கும் இடையிலான நேரம் பதிவாக வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு பணிமுறையிலும் ‘நேற்றைவிட எப்படி இருக்கிறது?’ என்று பெற்றோரிடம் கேட்டு, விடையை நாடித்துடிப்போடு சேர்த்து எழுதும் வழக்கம். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

நான்காவது, இறப்பு ஆய்வு. குழந்தை இறப்புகளை மறுஆய்வு செய்வதற்கான வழிகாட்டுதல்களைத் தேசிய சுகாதார இயக்கம் 2014இலேயே வெளியிட்டது. அந்த ஆய்வுகள் ‘இறப்புக்கான காரணம்: நிமோனியா’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடக் கூடாது. முதல் எச்சரிக்கை அறிகுறி எப்போது தென்பட்டது, யார் கண்டார், யாரிடம் சொன்னார், என்ன நடந்தது என்ற காலவரிசை எழுதப்பட வேண்டும். குற்றவாளியைத் தேடும் விசாரணையாக இல்லாமல் இருந்தால்தான் ஊழியர்கள் உண்மையை எழுதுவார்கள்.

மாவட்ட அளவில் குழந்தைகள் தீவிர சிகிச்சை என்பதை நோக்கி இந்தியா எடுத்துவைத்த அடி பெரியது. அடுத்த திட்ட ஆவணத்தில் படுக்கைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்கள் இடம்பெறட்டும்: அந்தப் பிரிவில் பயிற்சி பெற்று ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றும் செவிலியர்கள் எத்தனை பேர், எச்சரிக்கை அறிகுறி தென்பட்ட நேரத்திலிருந்து சிகிச்சை மாறியது வரை ஆன நிமிடங்கள் எத்தனை. இவ்விரண்டையும் கேட்கத் தொடங்கினாலே, மருத்துவமனைகள் அவற்றை அளக்கத் தொடங்கும்.